குழு வந்த அன்று ஓடிய இடது இன்ஜின்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று என் மகள், உங்கள் மருமகள், தினமும் கேட்கிறாள். அலுவல் விஷயமாக உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, மன்னிக்க வேண்டும்.

எங்கள் விமானப்படைத் தளத்தில் இரட்டை இன்ஜின் பயிற்சிக்கு இருக்கும் விமானங்களை மாற்றித் தரும்படி, பராமரிப்புப் பொறுப்பாளன் என்ற முறையில் பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். கோப்பு உங்கள் மேசை வழியாகத்தான் போகிறது. மூத்த விமானத்துக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல், பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதைப் பெரியப்பா என்பார்கள். ஒரு இன்ஜின் நின்றால் மற்றதை வைத்துப் பத்திரமாக இறங்குவதுதான் பாடம். அதற்காகப் பயிற்சியாளர் வேண்டுமென்றே ஒன்றின் வேகத்தைக் குறைப்பார். பெரியப்பாவில் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை, இடது இன்ஜின் தானாகவே பாடத்தை ஆரம்பித்துவிடும்.

போன மாதம் ஒருவழியாக ஆய்வுக்குழு வந்தது. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தலைமை மெக்கானிக் நான்கு நாள் இடது இன்ஜினைப் பிரித்து மாட்டினார், எங்கும் கிடைக்காது என்று நானே எழுதிக்கொடுத்த எண்ணெய்க் குழாயை இன்னொரு விமானத்திலிருந்து கழற்றிப் போட்டு, அந்த விமானத்தைக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினோம், இருக்கைக் கிழிசலை என் மனைவி தைத்துக் கொடுத்தாள். இரண்டு இன்ஜினும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டன. குழுத் தலைவர் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து என் முதுகில் தட்டி, "இதையா மாத்தணும்னு எழுதுனீங்க? இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார். பாராட்டுக் கேட்டு வெகு நாளாகிவிட்டதா, நானும் பல்லைக் காட்டினேன். மறுநாள் குழாயைச் சொந்தக்கார விமானத்துக்குத் திருப்பிக் கொடுத்தோம். இடது இன்ஜின் பழைய குணத்துக்கே வந்துவிட்டது. குழு நற்சான்று கொடுத்த விமானத்தை நிறுத்திவைக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

திங்கட்கிழமை உங்கள் மருமகள் இரட்டை இன்ஜின் பயிற்சியில் சேருகிறாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பெரியப்பாவைப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளும் இத்தனை வருடம் அதில்தானே ஏறினார்கள், அப்போதும் எழுதினேன், ஆனால் இவ்வளவு அவசரமாக எழுதவில்லை. அதுவும் உறுத்துகிறது.

குழுவை மறுபடி, சொல்லாமல் கொள்ளாமல் அனுப்ப வழி செய்யுங்கள். அதுவரை நாங்கள் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டோம். உள்ளதை உள்ளபடி காட்டுவோம், இது உறுதி.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கொட்டகைக்குப் போய், இனி இடது இன்ஜினில் கை வைக்க வேண்டாம் என்று தலைமை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை நம்ம பொண்ணு ஏறப்போகுது. தொடாம எப்படி சார் விடறது?" என்றார். கைவிளக்கை எடுத்து அவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகையால் மேலே சொன்ன உறுதியை அடித்துவிடுங்கள். குழு எப்போது வந்தாலும் அது நன்றாகத்தான் ஓடும். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.