கிளாக்கருக்கு அபிப்பிராயம் இல்லை

லண்டன் மாநகரத்தில் ஒரு குளியலறைக்கு உபவிதி எழுதி, அதை மூன்று முறை வாசித்து, முன்மொழிய வைத்து, வழிமொழிய வைத்து, ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே மனிதர் எங்கள் கிளாக்கர்தான். காலையில் எட்டு நிமிடத்துக்கு மேல் உள்ளே இருப்பவர் ‘பொதுப்பாதையை மறித்தவர்’ ஆவார் என்று அதன் நாலாம் பிரிவு சொன்னது. குளியலறை எப்படிப் பொதுப்பாதையாகும் என்று நான் கேட்டேன். அதை ஆராய ஓர் உபகுழு அமைத்தார்கள். அதில் என்னையே போட்டார்கள். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இல்ஃபோர்ட்டில் ஒரு வரிசை வீடு, மூன்று அறைகள், ஏழு ஆண்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். அந்த ஆறு பேரும் ஹோம் ஒபிஸ் என்கிற உள்துறை அமைச்சின் கடிதத்துக்குக் காத்திருந்தோம். அது வந்தால் நாங்கள் தங்கலாம். கிளாக்கருக்கு அதைவிடப் பெரிய விடயம் இருந்தது. கடிதம் வந்தால்தான் ஊரிலிருந்த மனைவியையும் சின்ன மகளையும் கூப்பிடலாம். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். தபால்காரன் கதவைத் தாண்டிப் போகும்போது மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

ஊரில் அவர் கிராமசபைக் கிளாக்கர். சந்து ஒழுங்கைக்குக் கல் போடுவது, பொதுக்கிணறு இறைப்பது, சைக்கிளுக்கு வருடத் தகடு கொடுப்பது, தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டுவது, இவைதான் சபையின் வேலைகள். சபையை அரசாங்கம் கலைத்தது. பிறகு சண்டை வந்து ஊரையே கலைத்தது. மற்றவர்கள் லண்டனுக்கு மிளகாய்த்தூள் கொண்டுவந்தோம். கிளாக்கரின் பெட்டிக்குள் இருந்தவை, கெட்டி மட்டை போட்ட, கோடிட்ட, பெரிய சி.ஆர். கொப்பிகள் ஐந்து, புதியவை. மனைவி வைத்த மாங்காய் ஊறுகாயை வெளியே எடுத்துவிட்டு அவற்றை அடுக்கினாராம்.

“கொப்பி என்னத்துக்கு, கிளாக்கரண்ணை?” என்று கேட்டேன்.

“கூட்டக் குறிப்பு எழுத.”

“என்ன கூட்டம்?”

“ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பின்னேரம் நாலு மணி. அறிவித்தல் கதவிலை ஒட்டியிருக்கு, நீர் வாசிக்கேல்லையோ?”

நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் விளங்கியிருக்காது.

கூட்டத்துக்குத் தலைவர் வேண்டும். எங்களுக்குள் யாரைத் தலைவராக்கினாலும் மற்றவன் சாப்பிடமாட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மலேசியத் தமிழர், சட்டம் படிக்கும் மாணவர், காலியாக இருந்த கட்டிலைப் பார்க்க வந்தார். சப்பாத்துகூடக் கழற்றவில்லை.

“வாடகை எவ்வளவுங்க?” என்றார்.

“அது மூண்டாவது விடயம்” என்றார் கிளாக்கர். “முதலாவது, தலைவர் தெரிவு. ஆராவது முன்மொழியுங்கோ.”

பேக்கரி அண்ணை முன்மொழிந்தார். பாண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்துவிட்டு வந்து, நின்றபடியே தூங்கக்கூடியவர். கை தூக்கியது கொட்டாவிக்குத்தான் என்று பிறகு சொன்னார். நான் வழிமொழிந்தேன். மலேசியாக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“நான் ரூம் பாக்கத்தான் வந்தேன்லா.”

“கௌரவ தலைவர் அவர்களின்ர கன்னிப்பேச்சு” என்று சொல்லி எழுதிக்கொண்டார் கிளாக்கர். அன்றிலிருந்து அந்தக் கட்டில் மலேசியாக்காரருடையது, அவர் எங்களுக்குச் சேர்மன்.

படிக்கட்டு பல்ப் எரிந்துபோன கதையைச் சொன்னால்தான் சபையின் நிர்வாகம் உங்களுக்குப் புரியும். நான் வேலையால் வந்து, “கிளாக்கரண்ணை, பல்ப் போட்டுது” என்றேன்.

“மனுத் தந்தனீரோ?”

மனுக் கொடுத்தேன். முதல் ஞாயிறு மனு சபையில் வைக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறு, இருட்டை நேரில் பார்வையிட இருவர் கொண்ட குழு போனது. பேக்கரி அண்ணை இருட்டைப் பார்வையிட்டபடியே ஆறு படி உருண்டார். மூன்றாம் ஞாயிறு குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டது. முனைக்கடையில் பல்ப் வாங்க இரண்டு நிமிடம் போதும் என்று கத்தினேன்.

“ஊரிலை ஒரு தெருவிளக்குக்கு மூண்டு மாதம்” என்றார் கிளாக்கர் அமைதியாக. “இஞ்சை மூண்டு கிழமை. முன்னேற்றம்தானே, தம்பி?”

லண்டன் வீட்டில் மாடு இல்லாத குறையை அவர் செருப்பால் தீர்த்தார். படியிலோ நடையிலோ கிடந்த பொருளெல்லாம் கட்டாக்காலி. அவற்றைப் பிடித்துத் தன் கட்டிலுக்கடியில் அடைத்துவிடுவார். மீட்க வேண்டுமானால் சோற்றுப்பானை மினுக்க வேண்டும். ஒரு நாள் என் இடதுகால் சப்பாத்து பிடிபட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது, பானையோ அடிப்பிடித்த பானை. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் சிலிப்பருமாக ரயிலேறினேன். பெட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

இவ்வளவையும் நடத்தியவர் மேசையில் எங்களோடு உட்காரமாட்டார். காஸ் அடுப்புப் பக்கத்தில் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்து வைத்து, கொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருப்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் வருகை பதிவாகும். வந்தவர் கையெழுத்து வைக்க வேண்டும். வராதவர் ஏன் வரவில்லை என்பதையும் எழுதுவார். ‘காய்ச்சல்’, ‘ஷிப்ட்’, ‘காரணம் கூறவில்லை, கட்டிலில் காணப்பட்டார்.’ அவர் மட்டும் கையெழுத்து வைப்பதில்லை.

“நீங்களும் வந்திருக்கிறியள்தானே?”

“நான் உறுப்பினர் இல்லை, தம்பி. கிளாக்கர் கூட்டத்திலை இருப்பான். வருகையிலை இருக்கமாட்டான். அவனுக்கு வாக்குமில்லை, அபிப்பிராயமுமில்லை.”

இதைச் சாப்பாட்டிலும் கடைப்பிடித்தார். ஞாயிறு சமையல் என்னுடையது. “பருப்புக்கு உப்புக் காணுமோ, இன்னும் போடவோ, கிளாக்கரண்ணை?” என்று கேட்டால், தட்டைப் பார்த்தபடி, “கிளாக்கருக்கு அபிப்பிராயம் இல்லை” என்பார். பிட்டா சோறா என்று வாக்கெடுத்தால் இரண்டில் எது வென்றாலும் பேசாமல் சாப்பிடுவார். சண்டை பிடிக்கக்கூட ஆகாத மனிதரோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?

தொண்ணூறு பிறந்த பிறகு எனக்குக் கடிதம் வந்தது. தங்க அனுமதி அல்ல, ஒரு கேள்வி. இத்தனை வருடமும் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் என்ன? என்னிடம் ஆதாரமே இல்லை. வீடு சொந்தக்காரரின் பெயரில், கரண்ட் பில் எப்போதோ குடியிருந்த ஒருவரின் பெயரில். என் வழக்கறிஞர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. “உங்கள் பெயரும் திகதியும் உள்ள எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்” என்றார். வேறு வழியில்லாமல் கிளாக்கரின் கொப்பிகளைச் சுமந்துகொண்டு போனேன். சேர்மன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் என் பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. கூடவே, எங்கள் ஏழு பேரில் ஒருவனான செல்வம் தன் பெயரெழுதி பிரிட்ஜில் வைத்த முட்டையை உண்டமைக்காக என்மீது நிறைவேறிய கண்டனத் தீர்மானமும் இருந்தது.

விசாரணையில் இருந்த அதிகாரி அந்தப் பக்கத்தை நெடுநேரம் வாசித்தார்.

“முட்டை திருப்பிக் கொடுக்கப்பட்டதா?” என்று கேட்டார்.

“அடுத்த கூட்டக் குறிப்பில் இருக்கிறது, ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. எனக்கு அனுமதி கிடைத்தது.

அதே கொப்பிகளைக் கொண்டு பேக்கரி அண்ணை தப்பினார், முட்டைச் செல்வம் தப்பினான். ஒருவர் பின் ஒருவராக வீட்டைவிட்டுப் போனோம். நான் மோர்டனுக்குப் போனேன், பேக்கரி அண்ணை லூயிஷாமுக்கு, மற்ற இருவர் லண்டனைவிட்டே போனார்கள். இல்ஃபோர்ட் வீட்டில் சேர்மனும் கிளாக்கரும் மட்டும் மிஞ்சினார்கள். பிறகுதான் கிளாக்கருக்கு அதே கேள்வியோடு கடிதம் வந்தது.

அதே பெண்மணியிடம் கூட்டிக்கொண்டு போனோம். கொப்பிகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். எட்டு வருடம், எல்லாப் பக்கமும் கிளாக்கர் கைப்பட எழுதியது. ஓர் இடத்தில்கூட அவர் பெயர் இல்லை. அவர் வெங்காயம் உரித்த சாப்பாட்டுக் கடையில் சம்பளப் பதிவு என்று ஒன்றே கிடையாது. மனைவிக்கு எழுதிய கடிதங்களைக் கேட்டார் அந்தப் பெண்மணி. மனைவி நாலு தடவை இடம்பெயர்ந்தவர். குண்டு விழுந்து, கடிதங்கள் வீட்டுக் கூரையோடு போய்விட்டன. எட்டு வருடமாக எங்கள் எல்லோரையும் லண்டனில் இருக்க வைத்த மனிதர், தான் மட்டும் எங்கேயும் இருக்கவில்லை.

“அண்ணே, ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரு கையெழுத்து. இப்பவே போட்டுடுங்க” என்றார் சேர்மன், சட்டம் படித்தவர்.

கிளாக்கர் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நடந்து முடிஞ்ச கூட்டத்தின்ர குறிப்பிலை கை வைக்கிறதோ? அது களவு.”

“மனிசி பிள்ளை வரவேண்டாமோ?” என்று நான் கத்திவிட்டேன்.

அவர் கொப்பியின் மட்டையை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “குறிப்பிலை பிழை இருந்தால் அடுத்த கூட்டத்திலைதான் திருத்தலாம். அறிவித்தல் ஏழு நாள். கூட்டம் நடக்கக் கோரம் குறைஞ்சது நாலு பேர்.”

ஆதாரங்களை ஒப்படைக்க வேண்டியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறுக்குத் தபாலில் அறிவித்தல் வந்தது, மோர்டன்வரை, முத்திரை ஒட்டி. நான் போனேன். செல்வம் வந்தான். சேர்மன் இருந்தார். மூன்று பேர். பேக்கரி அண்ணைக்கு அன்று பகல் ஷிப்ட்.

நாலு மணியாயிற்று. அரை மணிநேரம் பார்ப்பதுதான் விதி. நாலு இருபதுக்கு, “தொடங்குவமே” என்று கெஞ்சினேன். கிளாக்கர் பால் கிரேட்டில் இருந்தபடி தலையை ஆட்டினார். நாலு இருபத்தெட்டுக்குப் பேனாவை எடுத்து, ‘கோரம் இன்மையால்’ என்று எழுதத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. அப்போது கதவு திறந்தது. தொழிற்சாலை உடுப்போடு, தலையெல்லாம் மாவாக, பேக்கரி அண்ணை நின்றார்.

“வேலையை விட்டிட்டு ஓடியாறன். கூட்டம் நடக்குதோ, இல்லையோ?”

கிளாக்கர் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினார். கொப்பியையும் பேனாவையும் என்னிடம் தந்தார். தன்னைப் பற்றிய தீர்மானத்தைத் தான் எழுதக்கூடாதாம். முதல் தடவையாக எங்களோடு மேசையில் வந்து உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கிளாக்கரை உறுப்பினராகச் சேர்ப்பதென்றும், முதலாம் கூட்டம் தொட்டு எல்லாக் கூட்டத்திலும் அவர் இருந்தார் என்றும் பேக்கரி அண்ணை முன்மொழிந்தார். இந்தமுறை கொட்டாவி இல்லை. செல்வம் வழிமொழிந்தான்.

எழுதப் போனவன் திகைத்து நின்றேன்.

“கிளாக்கரண்ணை, உங்கட பேர் என்ன?”

எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். சேர்மனைப் பார்த்தேன். அவர் செல்வத்தைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாது. வழக்கறிஞருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அவர் கோபிக்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

“வேறு விடயங்கள் இருக்கா?” என்று சேர்மன் கேட்டார்.

புதிய உறுப்பினர் கையைத் தூக்கினார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“கௌரவ தலைவர் அவர்களே. பருப்புக்கு உப்புக் காணாது. எட்டு வருசமாய்க் காணாது.”

தீர்மானத்தையும் எங்கள் நாலு பேரின் சத்தியக் கடதாசிகளையும் சேர்த்துத் திங்கட்கிழமை ஒப்படைத்தோம். அவற்றில் எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், அது பற்றித் தீர்மானம் இல்லை என்பார் கிளாக்கர். ஆனால் அனுமதி வந்தது.

அடுத்த வருடம் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். மகள் வளர்ந்து தாயின் தோளைத் தொட்டிருந்தாள். அந்த அம்மா எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்றார்.

“இஞ்சாருங்கோ” என்று கணவரைக் கூப்பிட்டார். “முட்டை எடுத்த தம்பி இவர்தானே?”

ஒவ்வொரு கூட்டக் குறிப்பையும் கிளாக்கர் கடிதத்தில் எழுதி மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். கடிதங்கள் கூரையோடு போகுமுன் அந்த அம்மா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்கிறார்.

கிளாக்கர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. மனைவி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் கூப்பிட்டதில்லை. அவரும் தன் பெயரைக் கொப்பியில் எழுதியதில்லை. அந்தக் கடைசிக் கொப்பியில் மட்டும், வந்தவர்களின் வரிசையில் முதலாவதாக, என் கோணல் எழுத்தில் இருக்கிறது. வீடு மாறும்போது மற்றச் சாமான்களை லொறியில் ஏற்றுவேன். அந்தக் கொப்பியைக் கையில்தான் கொண்டுபோவேன்.