கேப்டன் மாட்டிய கதவு

கதவு திறக்கவில்லை.

வாசலில் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பேராசிரியரும் சிறப்பு விருந்தினரும் வந்து, புது வீட்டை அதன் சொந்தக்கார அம்மாளிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்துத்தானா கதவு மக்கர் பண்ணவேண்டும்?

கேப்டன் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். வசந்த விடுமுறையில் ஊர் சுற்றப் போகாமல், வாடகை வீடுகளில் அல்லாடும் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர வந்திருந்த கல்லூரிக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். சுவர் எல்லாரும் சேர்ந்து எழுப்பியது. ஆனால் கதவை இழைத்து, கீல் வைத்து, நிலையில் மாட்டியது அவள் ஒருத்தி. உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. வீட்டின் படத்தை விட்டுவிட்டுக் கதவின் படத்தை மட்டும் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அம்மா அதை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

"காலையில நல்லாத்தானே திறந்துச்சு?" என்றாள் கேப்டனின் அறைத்தோழி.

"பெயிண்ட் ஒட்டிக்கிட்டிருக்கும்."

கேப்டன் இடுக்கில் கத்தியை விட்டு இழுத்தாள். கதவு அசையவில்லை. பெயிண்ட் மட்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அறைத்தோழி ஹேர் டிரையரோடு ஓடிவந்தாள். ஒலிபெருக்கிக்குப் போன வயரிலேயே அதையும் செருகினார்கள். ஃபியூஸ் போய்ப் பாட்டு நின்றது. அதுவரை கண்டுகொள்ளாத தெரு முழுக்க இப்போது திரும்பிப் பார்த்தது.

அடுத்து கடப்பாரை. அடியில் கொடுத்து நெம்பியதில், கதவு இருந்த இடத்தில் இருக்க, முந்தின நாள் பதித்த வாசற்படி டைல் பெயர்ந்துகொண்டது. பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாக நுழையலாம் என்றால், இவர்களே இறுக்கிய கம்பி இவர்களுக்கே வழிவிடவில்லை. பெயிண்ட் தெறிக்காமலிருக்கக் கண்ணாடியில் ஒட்டிய காகிதமும் அப்படியே இருந்தது. நான்கு பையன்கள் சேர்ந்து கதவில் தோள் கொடுத்தார்கள். நாடா அறுந்ததுதான் மிச்சம்.

அந்தக் கோலத்தில் வாசல் கிடக்கும்போது பேராசிரியரின் கார் வந்து நின்றது.

விருந்தினர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்ட என்ன இருக்கிறது என்று தேடினார். பேராசிரியர் சொந்தக்கார அம்மாள் எங்கே என்று விசாரித்தார். அவள் புருஷன், பஸ் டிரைவர், யூனிஃபார்மோடு கைபிசைந்து நின்றான். காலையிலேயே கிளம்பிவிட்டாளாம், போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம். தினமும் இவர்களோடு மணலும் செங்கல்லும் சுமந்த மனுஷி, வீட்டை வாங்கிக்கொள்ளும் நாளில் எங்கே போயிருப்பாள்? கேப்டனுக்கு இருந்த கவலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடைத்துவிட்டு நாளைக்கு வேறு கதவு போட்டுக்கொள்ளலாம் என்றார். பையன் ஒருவன் கடப்பாரையை எடுத்தான்.

கேப்டன் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் மாட்டின கதவு சார். உடைக்கணும்னா நானே உடைக்கிறேன்."

அவள் ஓங்கியபோது உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அந்த நிலையிலும் கேப்டன் கண்ணில் முதலில் பட்டது கதவுதான். கீல் முனகாமல், தரையில் உரசாமல், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கதவின் படத்தை அம்மா இன்னும் நான்கு பேருக்கு அனுப்பினாலும் தகும்.

நிலைவாசலில் சொந்தக்கார அம்மாள் நின்றாள். கூட்டத்தையும், பெயர்ந்த டைலையும், ஓங்கிய கடப்பாரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சொந்த வீட்டுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கணும்னு ஆசைம்மா. நீங்க ஏதோ மிச்சமீதி வேலை பாக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாள். "உள்ள வரணும்னா ஒரு தடவை தட்டியிருக்கலாமே."