தகுதி பெற்ற ஒரே குடியிருப்பாளர்

மனித சமத்துவத்துக்காக இந்த நூற்றாண்டில் நடந்த மகத்தான பணி, செம்பூரில் எங்கள் அலுவலகத்தில், ஏசி ரிப்பேரான வாரத்தில் நிறைவேறியது. தலைமை தாங்கியவன் என்ற முறையில் அடக்கத்துடன் எழுதுகிறேன்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் ஒரு பாகத்தை இடிக்கப்போகிறார்கள். பதிலுக்குப் புதுக் கட்டடம் தயார். பழைய சர்வே சீட்டும் கரண்ட் பில்லும் ஒரே ஆளைச் சொன்னால் அவருக்கு வீடு. ஒப்பிடும் மென்பொருள் எங்களுடையது. ‘குடியிருப்பாளர்’ என்றொரு தரவு வகையை நாங்களே படைத்தோம்: பெயர், கல்லி என்கிற சந்து, ரூம் நம்பர். காகிதத்துக்கு ஒரு பதிவு.

சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத புரோகிராமர் சாதனா குறுக்கிட்டாள். நாமே படைத்த வகைக்குச் ‘சமம்’ என்றால் என்ன என்பதையும் நாமேதான் எழுதித் தர வேண்டுமாம்.

“இல்லேன்னா உள்ள என்ன இருக்குன்னு அது பாக்கவே பாக்காது சார். ரெண்டும் ஒரே பதிவான்னு மட்டும்தான் பாக்கும்.”

சமத்துவத்தை ஆறு மாத ஊழியர் எழுதிவிடுவதா? கமிட்டி போட்டேன். நான்கு கூட்டங்கள், நான்கிலும் வடை. அடுத்த காலாண்டில் விவாதிப்பதாக முடிவாயிற்று.

அதிகாரிகளுக்குச் செயல்விளக்கம் காட்டிய அன்று, என் பெயரையே ஒரு பதிவாக ஏற்றி, இரண்டு பக்கமும் அதையே கொடுத்தேன். ‘சமம்’ என்று பச்சையில் வந்தது. கைதட்டினார்கள். அன்றே கேம்ப் பதிவுகளை எல்லாம் ஓட்டினோம்.

மறுவாரம் பொன்செல்வி வந்தார். கேம்பில் முப்பது வருடமாக பேக் தைக்கிறவர். இரண்டு காகிதங்களையும் என் மேஜையில் விரித்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கணினி ‘வேறு வேறு’ என்றிருந்தது. அறுநூறு குடும்பங்களுக்கும் அப்படியே. யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை.

“ரெண்டுலயும் நாந்தானே சார் இருக்கேன்? திங்கக்கிழமை ரூமை இடிக்க வாராவளாம். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

காகிதம் இரண்டாக இருப்பதுதான் அவர் குறை என்று பொறுமையாக விளக்கினேன். ஒரே பதிவை இரண்டு பக்கமும் கொடுத்திருந்தால் கணினி மறுத்திருக்காது.

“அப்பம் யாருக்குத்தான் சார் வீடு கெடச்சிருக்கு?”

தகுதிப் பட்டியலை நானே படித்துக் காட்டினேன். அதில் ஒரே பெயர்தான் இருந்தது: பஞ்சாபகேசன்.

“அது எந்தக் கல்லி சார்? நான் பாத்ததே இல்லியே.”

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மேஜையிலிருந்த என் பெயர்ப் பலகையை மெல்லத் திருப்பி வைத்தேன்.

புதுக் கட்டடத்தில் எனக்கு ஒதுக்கிய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி விவாதிக்கக் கமிட்டி போட்டிருக்கிறேன். அது கூடும்வரை வீடு சும்மா கிடக்க வேண்டாமே என்று ஏழாம் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நல்ல காற்று. ஜன்னலில் நின்றால் திங்கட்கிழமை இடித்த இடம் முழுக்கத் தெரிகிறது. ஒரு ரூமைக்கூட விட்டுவைக்கவில்லை. அங்கேயும் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை.