கொட்டாஞ்சேனையில் கோவா பயிரிட்டவர்

கொட்டாஞ்சேனையில் கோவா பயிரிட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார் என்பது எங்கள் தலைவிதி. (கோவா என்றதும் கடற்கரையும் தேவாலயமும் உள்ள இந்திய ஊரை நினைக்கும் வாசகர்களுக்கு: நாங்கள் முட்டைக்கோசைத்தான் அப்படிச் சொல்வோம்.) அவருடைய சொந்தப் பெயர் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. தபால்காரருக்கும் மீன்காரருக்கும் எங்களுக்கும் அவர் கோவா அங்கிள்.

அது யுத்த காலம். அம்மாவும் நானும் தம்பியும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஒரே முற்றத்தையும் ஒரே தண்ணீர்க் குழாயையும் பங்குபோட்டுக்கொண்ட ஐந்து வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் துறைமுகப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தம்பி வெளிநாடு போகக் காத்திருந்தான். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு முழுநேர வேலை.

குடிவந்த மறுநாள் காலை அம்மா குசினிக்குள் போனபோது, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் பலகையில் வசதியாகக் குந்தியிருந்தார். இடுப்பில் ஒரு சாரம். தோள்களை மூடிக் கழுத்தைச் சுற்றி இன்னொரு சாரம். கையில் ஒரு கத்தை வெங்காயத்தாள்.

"ஆர் நீங்கள்? முன்வாசல் எண்டு ஒண்டு இருக்கிறது தெரியாதோ?"

"பக்கத்து வீடு, தங்கச்சி. எங்கட ஊரில விருந்தாளி நேர அடுப்படிக்குத்தான் வாறது. ஹோலில இருத்தினா, எப்ப போறாய் எண்டு கேக்கிற மாதிரி."

"எந்த ஊர் உங்கட ஊர்?"

"ஜாவா. மலைக்கு மேல."

அவர் பிறந்தது அடுத்த ஒழுங்கையில் என்பதைக் கடைசி வீட்டு றீட்டா அன்ரி அன்று பின்னேரமே வந்து சொல்லிவிட்டார். இளவயதில் கப்பலில் வேலைக்குப் போனவராம். ஜாவாத் தீவின் துறைமுகம் ஒன்றில் காய்ச்சல் வந்து படுக்க, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். மரக்கறி லொறிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு, கோவா இறக்கிய வெறும் லொறியில் ஏற்றித் தன் மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோனானாம். குணமாகும்வரை என்று போனவர் அங்கேயே கலியாணம் கட்டி, எட்டு வருடம் தோட்டம் செய்தாராம்.

"எல்லாம் அந்த மனுசன் சொல்ற கதை," என்றார் றீட்டா அன்ரி. "என்னைக் கேட்டா இந்தா பக்கத்தில இருக்கிற ராகமையத் தாண்டிப் போயிருக்காது."

ஆனால் கதை என்றால் அப்படி ஒரு கதை! கிராமத்துக்கு மேலே ஓர் எரிமலை எந்நேரமும் சுருட்டுக் குடிக்கிற கிழவனைப்போலப் புகைத்துக்கொண்டிருக்குமாம். தோட்டங்கள் அவ்வளவு சரிவு. கைதவறி ஓர் உருளைக்கிழங்கை விட்டால் அடுத்த கிராமத்தில் போய்த்தான் பொறுக்க வேண்டும். காலையில் பனி இறங்கினால் கோவா எது, பெண்சாதி எது என்று தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தால், பதில் சொல்வது பெண்சாதி. மலை இருமினால் ஊரெல்லாம் சாம்பல் கொட்டும். சனங்கள் இலைகளைக் கழுவிவிட்டு, "நல்ல பசளை, பயிர் செழிக்கும்" என்று சந்தோஷமாக மற்ற வேலையைப் பார்ப்பார்கள்.

இந்தச் சந்தோஷத்தை எங்களுக்கும் தருவதற்காக, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தன் கோவாக் கன்றுகளுக்கு அடுப்புச் சாம்பல் தூவினார். அம்மா உடுப்புத் தோய்த்துக் காயப்போடுவதும் சனிக்கிழமைதான்.

அவருக்கு நிலம் இல்லை. மொட்டை மாடிக்குப் போகும் சீமெந்துப் படிக்கட்டுத்தான் இருந்தது. மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பாத்தி கட்டுவதுபோல, படிக்கு ஒரு மண்பெட்டி வைத்தார். பதின்மூன்று படி, பதின்மூன்று பாத்தி. மாடிக்குப் போகிறவர்கள் ஒற்றைக்காலில் தாண்டித் தாண்டிப் போனோம். கொழும்பு வெயிலில் கோவா விரியும், சுருளாது. ஒரே ஒன்று மட்டும் தேசிக்காய் அளவில் சுருண்டது. அவர் அதை ஐந்து வீட்டுக்கும் பங்கிட்டார். எங்களுக்குக் கிடைத்த இலையை அம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கினார். தம்பி, "எங்கை கோவா?" என்று சட்டியைத் தடவித் தேடினான்.

சோதனைச் சாவடிகளில், மலைக் குளிருக்குப் போர்த்திப் பழகிய அந்த இரண்டாவது சாரம்தான் பிரச்சினை. கொழுத்தும் வெயிலில் ஒருவன் போர்த்திக்கொண்டு போனால் இராணுவம் சும்மா விடுமா? ஒவ்வொரு சாவடியிலும் அவிழ்க்கச் சொல்வார்கள். அவர் அவிழ்ப்பார், உதறுவார், மடித்துக் காட்டுவார், திரும்பப் போர்த்துவார். "குளிர், மாத்தையா," என்பார். வியர்வை ஒழுகும்.

எல்லாவற்றிலும் மோசம் மூங்கில். அந்த ஊரில் நடுவில் கீறிய ஒரு மூங்கிலைத் தொங்கவிட்டிருப்பார்களாம். நெருப்பு, களவு, சாவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடி. கேட்டதும் ஊரே ஓடிவரும். அப்படி ஒன்றைச் செய்து குழாயடியில் தொங்கவிட்டார். ஒருநாள் நல்ல மத்தியானம், டொக் டொக் டொக் என்று அடித்தார் பாருங்கள், றீட்டா அன்ரி செபமாலையோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். அம்மா அடையாள அட்டைகளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். சந்தியிலிருந்த இராணுவத்தினர் நாலுபேர் துவக்கோடு பாய்ந்து வந்தார்கள்.

நாலாம் படியில் ஓர் ஆடு நின்று கோவா தின்றுகொண்டிருந்தது.

மூங்கிலை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். "ஆட்டையெல்லே பிடிக்கோணும்!" என்று அவர் சாவடிவரை பின்னால் போய் முறையிட்டார். அம்மா அன்று ஏசிய ஏச்சு ஜிந்துப்பிட்டிவரை கேட்டிருக்கும். "உங்கட ஜாவாவில புத்தி எண்டு ஒண்டு விளையிறேல்லையோ?" அவர் தலையைக் குனிந்து, ஏதோ பாட்டுக் கேட்பவர்போல நின்றார்.

பிறகு ஒரு விடிகாலை பொலிஸ் சுற்றிவளைப்பு. முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் தம்பியின் பெயர் ஓர் எழுத்துப் பிசகு. அது போதும். ட்ரக்கில் ஏறச் சொன்னார்கள். அம்மா வெறுங்காலோடு ஓடி ட்ரக்கின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கோவா அங்கிள் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ட்ரக்கில் ஏறித் தம்பிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"பஹின்ன, சீயா!" இறங்கு கிழவா என்று பொலிஸ்காரன் கத்தினான். அவர் இறங்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"அங்க ஒரு வீட்டில கஷ்டம் வந்தா, பக்கத்து வீட்டுக்காரன் அண்டைக்குத் தோட்டத்துக்குப் போகமாட்டான், தங்கச்சி. கூட இருப்பான். நான் இருக்கிறன். நீங்க அழாதீங்க."

ட்ரக் போய்விட்டது. நாங்கள் பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றோம். உள்ளே நடந்ததைத் தம்பி பிறகுதான் சொன்னான்.

அங்கிளின் சட்டைப்பையில் ஒரு மடித்த கடதாசி இருந்தது. பென்சிலால் மலை, வளைந்து வளைந்து கோடுகள், ஒரு பாதை, சின்னச் சின்னப் பெட்டிகள். எந்த முகாமின் வரைபடம் என்று மேசையில் அடித்துக் கேட்டார்கள். கோடுகள் கோவாப் பாத்தி, பெட்டிகள் வீடு, இது ஜாவா என்று அவர் சொல்லச் சொல்ல விஷயம் கெட்டுக்கொண்டே போனது. உதவிக்கு வந்த மனிதரால் இரண்டு பேரும் உள்ளே போகப்போகிறோம் என்று தம்பி நினைத்தானாம்.

மூலையில் இருந்த சார்ஜன்ட் எழுந்து வந்தார். அவர் மலாய்க்காரர். கொழும்பில் அவர்களை ஜாவா மனிசர் என்றுதான் சொல்வார்கள். கடதாசியைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். திடீரென்று மலாயில், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

"பெலும்," என்றார் அங்கிள். இன்னும் இல்லை. அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. சார்ஜன்டுக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே அவரை உட்கார வைத்துவிட்டது.

மேலதிகாரியிடம் பேசி, தம்பியின் பதிவைத் திரும்பச் சரிபார்க்கச் செய்தவர் அந்தச் சார்ஜன்ட்தான். தகவல் வரும்வரை சார்ஜன்டோடு மூன்று பேருக்கும் சோற்றுப் பார்சல் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் சார்ஜன்ட் தமிழில் மெதுவாகக் கேட்டாராம்:

"எங்கட மூத்தாக்கள் அங்கயிருந்துதான் வந்த எண்டு சொல்ற. நாங்க ஒருத்தரும் கண்டதில்ல. காலம்பற அங்க எப்பிடி இருக்கும்?"

அங்கிள் பனியைச் சொன்னார். அடுப்பைச் சுற்றி இருந்து சோளச் சோறு சாப்பிடுவதைச் சொன்னார். கூடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் சிரித்தபடி ஏறுவதைச் சொன்னார். மத்தியானம் கழிந்து இருவரையும் விட்டார்கள். அந்தக் கடதாசியை அங்கிள் சார்ஜன்டிடமே கொடுத்துவிட்டார். அவர் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாராம்.

வாசலில் அம்மா தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தார்.

நடந்து வரும்போது நான்தான் கேட்டேன். "அவ்வளவு நல்ல ஊரெண்டா ஏன் அங்கிள் திரும்பி வந்தனீங்கள்?"

அவர் சாரத்தின் நுனியால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"பெண்சாதி செத்துப்போனா, மகள். ஊரே வந்து கூட இருந்தது. எல்லாரும் நல்ல மாதிரிப் பேசினாங்க. நான் அழுததுக்கு ஒரு சொல்லு அவங்கட பாஷையில எனக்கு வரேல்ல. தமிழில ஆராவது என்னை ஏசினாக்கூடப் போதும் எண்டு இருந்திச்சு. அதான் வந்திட்டன்."

அம்மா சட்டென்று நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"படத்தைச் சட்டைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு ட்ரக்கில ஏறுவினமோ, அண்ணை? விசரோ உங்களுக்கு? மண்டைக்குள்ள மூளையோ, சாம்பலோ?"

அம்மா அவரை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அவர் சாரத்தைத் தோளில் இழுத்துவிட்டபடி, எந்தச் சொல்லும் தவறிவிடக்கூடாது என்பதுபோல, அம்மாவின் பக்கத்தோடு பக்கமாக நடந்து வந்தார்.