அங்கே அது பாசமான வார்த்தை

திட்டிவிட்டுப் பொழிப்புரை சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். இல்லையென்றால் தயவுசெய்து வேலையை மாற்றிவிடாதீர்கள்.

நம்மவர் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். உடைந்து வந்த மின்விசிறிக்கும் வந்தே சேராத செருப்புக்கும் அமெரிக்காக்காரன், இங்கிலாந்துக்காரன், ஆஸ்திரேலியாக்காரன் எல்லாரும் அங்கேதான் எழுதித் திட்டுவார்கள். திட்டு வாங்கி வாங்கியே மனிதர் அதில் பண்டிதராகிவிட்டார். 'பிஸ்ட்' என்றால் இங்கிலாந்தில் குடித்திருக்கிறான், அமெரிக்காவில் கோபமாக இருக்கிறான். இடுப்புப் பைக்கு அமெரிக்காவில் சொல்லும் பெயரை இங்கிலாந்தில் ஒரு பெண்ணிடம் சொன்னால் பையோடு பல்லும் போய்விடும். அமெரிக்காவில் போய் அழிக்க ரப்பர் கேட்டால், ஆணுறை கேட்கிறான் என்று மருந்துக் கடைக்கு வழி காட்டுவான். இத்தனையும் அவருக்குத் தலைகீழாகப் பாடம். அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர். படிப்பை மெச்சி வைத்த பெயர் என்று அவர் பூரித்துப் போயிருந்தார். வைத்தவர்கள் 'பிடித்தவன்' என்ற மிச்சத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

அறிவு இருந்தால் மட்டும் போதுமா, அதைப் பிரயோகிக்க வேண்டாமா? பக்கத்து மேஜைக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தால், "வாடா பாஸ்டர்ட்" என்பார்.

"என்ன சார், இப்படிப் பேசுறீங்க?"

"அட, ஆஸ்திரேலியாவுல அது பாசமான வார்த்தைப்பா. நெருங்கின சிநேகிதனைத்தான் அப்படிக் கூப்பிடுவான். உலகம் தெரியாம வளந்திருக்கியே."

பாவம், அந்த மனிதருக்கு வந்த கோபம் போய் வெட்கம் வந்துவிடும். திட்டும் வாங்கி, பாடமும் கேட்டு, நன்றியும் சொல்லிவிட்டு உட்காருவார். டீ கொண்டுவருகிறவர், லிஃப்ட்காரர், சொந்த மச்சான் யாரும் தப்பவில்லை. மச்சான் மட்டும் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். பாசம் தாங்கவில்லை போலிருக்கிறது.

இந்த நேரத்தில் கிளை மேலாளர் பதவி காலியாயிற்று. அகராதி அந்த நாற்காலிக்காகத்தான் இத்தனை வருஷமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியோ உறவுக்காரர்களிடம் "மேனேஜர் ஆயிட்டாரு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள். முடிவு தலைமை அலுவலகத்துப் பெரியவர் கையில். பெரியவர் ஆஸ்திரேலியர். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

ஒரு நாள் மத்தியானம் கூட்ட அறைத் திரையில் பெரியவர் வந்தார். அலுவலகமே கூடி நின்றது. அகராதியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "கங்கிராஜுலேஷன்ஸ், யூ ஓல்ட் பாஸ்டர்ட்" என்றார்.

அகராதிக்குக் காது அடைத்தது. அத்தனை பேர் முன்னால்! செத்துப்போன அப்பாவின் மானமும் உயிரோடிருக்கிற அம்மாவின் மானமும் சேர்ந்து வந்து கண்முன் நின்றன. "யாருடா பாஸ்டர்ட்?" என்று தமிழில் ஆரம்பித்தவர், எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அர்த்தம் மாறாத நாலு வார்த்தைகளைப் பொறுக்கியெடுத்து இங்கிலீஷில் முடித்தார். திரை அணைந்தது. பதவி போன இடம் தெரியவில்லை.

பக்கத்து மேஜைக்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சார், அங்க அது பாசமான வார்த்தைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நான் சொன்னா" என்றார் அகராதி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று வீட்டில் யாரையோ ஏதோ சொல்லிவிட்டு, அந்த முகம் சுருங்கியதும் "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்றீர்களே, அதே வார்த்தையை அவர் உங்களைப் பார்த்துத் திருப்பிச் சொல்லியிருந்தால், அது எந்த நாட்டு வார்த்தையாக இருந்திருக்கும்?