நூற்று நாற்பத்தொரு தட்டும் ஒரு தையல் மெஷினும்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் திட்டிக்கொண்டிருந்தாள். என்னையல்ல, என் சட்டையை.

“என்னங்க, பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீங்க. தையல்காரி புருஷன் இப்படியா வெளிய வர்றது? குனிங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஆறு பட்டனையும் அவிழ்த்து, அதனதன் காஜாவில் மாட்டிவிட்டாள். “இப்ப போய் காப்பி குடிச்சிட்டு வாங்க” என்றாள். போனேன். குடித்துவிட்டுத் திரும்பியபோது நர்ஸ் கதவருகே எனக்காகக் காத்து நின்றாள்.

கடைசிப் பேச்சு அவளுடையதாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. முப்பத்தொன்பது வருஷமும் அப்படித்தான். நடுவில் ஒரே ஒருமுறை, இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்குப் பொறுப்பாளன். வீட்டில் என் பொறுப்பில் இருந்தது முன்னறை. ஜன்னல் உள்ள ஒரே அறை. அதில் என் ரெக்கார்டு பிளேயர், இரண்டு பெட்டி ஸ்பீக்கர், சுவர் நிறைய இசைத்தட்டுகள். பாதி ஜாஸ், பாதி ராக். கலைஞர்களின் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் என் மனைவி வைத்த பட்டப்பெயர்களே வீட்டில் புழங்கின; உறைகளிலும் அவற்றைத்தான் எழுதி வைத்திருந்தேன். என்னைக் கேலி செய்யத்தான் அப்படிப் பெயர் வைக்கிறாள் என்று நினைத்தேன்.

அடித்தொண்டையில் சாக்ஸபோன் ஊதுகிறவர் ‘புகைக்காரர்’. ஒரு வரி வாசித்துவிட்டு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று நாமே யோசிக்கும்வரை சும்மா இருப்பவர் ‘மாமனார்’. விடாமல் மேலும் கீழும் ஓடுகிறவர் ‘படிக்கட்டு’. ராக் பக்கம், கிதாரால் வீட்டு ஓடுகளைப் பிரிக்கிறவர் ‘கூரை’. உயிர் போகிற மாதிரி பாடுகிறவர் ‘பல்வலி’.

என் மனைவியின் தையல் மெஷின் முன்னறைச் சுவரை ஒட்டிய இருட்டு நடையில் இருந்தது. அங்கே பகலிலும் பல்பு எரிய வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு வக்கீல் அங்கி தைக்கும் ஆர்டர் வந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல், கறுப்பு நடை. மூன்றாம் அங்கியில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

“இந்த வீட்டுல சாப்பிடுற தட்டு ஆறு, சாப்பிடாத தட்டு நூத்தி நாப்பத்தொண்ணு” என்றாள், விரலில் துணி சுற்றிக்கொண்டே. “வெளிச்சம் எனக்கு வேணுமா, அதுங்களுக்கு வேணுமா?”

“அது தட்டு இல்ல. என் உயிர்.”

“அப்ப உயிரைத் தூக்கி நடையில வைங்க. என் கண்ணாவது மிஞ்சும்.”

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஆண்மகன் என்ன செய்வான்? பேச்சை வேறு திசைக்குத் திருப்புவான்.

“உனக்கு என்ன தெரியும் இசையைப் பத்தி? கண்ணைக் கட்டிவிட்டு எந்தத் தட்டை வேணா போடு. யார் வாசிக்கிறதுன்னு சொல்றேன். அந்த மாதிரி ஒரு காதுக்கு ஒரு அறை கிடையாதா?”

“பத்துத் தட்டு. ஏழு சரியா சொன்னா முன்னறை உங்களுது, நான் வாயே திறக்கல. இல்லன்னா மெஷின் ஜன்னலுக்கு வரும். சம்மதமா?”

“சம்மதம்! எப்ப?”

“ஞாயித்துக்கிழமை காலைல. பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பி நடுவரா இருக்கட்டும்.”

அவ்வளவு சுலபமாக நான் சம்மதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லாத காரணம். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. புகைக்காரருக்கும் மாமனாருக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன். ஆனால் முள் தட்டில் இறங்கியதும், பாட்டு தொடங்குமுன் ஒரு கரகரப்பு வருமே, அது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மாதிரி. புகைக்காரர் என்றால் கர்ர், டக், கர்ர். மாமனார் என்றால் இரண்டு டிக், ஒரு பெருமூச்சு. கூரை என்றால் கடலை வறுக்கிற சத்தம். நூற்று நாற்பத்தொன்றின் கரகரப்பும் எனக்கு மனப்பாடம். கிடங்கில் பேரிங்கைக் குலுக்கியே எந்த வண்டியுடையது என்று சொல்கிறவன் நான். டிப்போவில் என்னைச் சங்கீத மேதை என்று நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை.

ஞாயிறு வந்தது. ரேடியோ ரிப்பேர் செய்யும் மெக்கானிக் கையில் காகிதம் பென்சிலோடு வந்தார். என் மனைவி மிச்சத் துணியில் ஒரு பட்டை தைத்து வைத்திருந்தாள். கறுப்பு. வக்கீல் அங்கியின் துண்டு. கண்ணைக் கட்டினாள்.

“இறுக்குதா?”

“ஜெயிக்கப்போறவனுக்கு எதுவும் இறுக்காது.”

“முதல் தட்டு சார்” என்றார் மெக்கானிக். முள் இறங்கியது.

காதைத் தீட்டினேன். கர்ர் இல்லை. டக் இல்லை. கடலையும் இல்லை. வெறும் அமைதி. பனி விழுகிற மாதிரி அமைதி. அதிலிருந்து சட்டென்று ஒரு சாக்ஸபோன் கிளம்பியது.

“பிளேயர்ல ஏதோ கோளாறு. கரகரப்பு வரல!”

“பாட்டு வருதே சார்?”

“பாட்டு வருது, பாட்டு வருது...” எனக்கு வியர்த்தது. “புகைக்காரர்?”

“படிக்கட்டு” என்றார் மெக்கானிக். பென்சில் கீறும் சத்தம் நன்றாகக் கேட்டது.

இரண்டாவதும் அமைதி. மூன்றாவதும். நான்காவதில் உண்மையான கீறல் ஒன்று இருந்தது, நானே ஒருமுறை கீழே போட்டது. “பல்வலி!” என்று அலறினேன். சரி. எட்டாவதை உத்தேசமாகச் சொன்னேன். அதுவும் சரி. பத்துக்கு இரண்டு.

கண்கட்டை அவிழ்த்தேன். பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். என் முகம் அதில் தெரிந்தது. இதற்கு முன் தெரிந்ததில்லை.

“என்ன செஞ்ச?”

“கழுவினேன்.”

“கழுவினியா?”

“வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, மெத்துனு துணி. நடுவுல ஒட்டியிருக்கிற காகிதம் நனையாம டப்பா மூடி வச்சு மறைச்சேன். நீங்க டிப்போவுக்குப் போனப்புறம்தான், நாலு நாள் ஆச்சு. நூத்தி நாப்பத்தொண்ணு ஆச்சே!”

“நான்தான் சார் கழுவுற விதத்தைச் சொன்னேன்” என்றார் மெக்கானிக் அடக்கமாக. “பாதிக்கு மேல கீறலே இல்ல சார். எல்லாம் அழுக்கு.”

“நான் கரகரப்பை வச்சு சொல்றது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன் மனைவியிடம்.

“முள்ளை வச்சதும் தலையாட்டுவீங்க. பாட்டு ஆரம்பிச்சதும் நிறுத்திடுவீங்க. எல்லாரும் பாட்டுக்குத் தலையாட்டுவாங்க, இவர் எதுக்கு ஆட்டுறார்னு பதினஞ்சு வருஷமா யோசிச்சேன்.”

தோற்றவனுக்கு ரோஷம் அதிகம். “சரி, நான் திருடன். நீ மட்டும் கண்டுபிடிச்சிடுவியா? யாராலயும் முடியாது!”

அவள் நடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகு. பாதி தைத்த அங்கியை ஊசிக்கடியில் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். “போடுங்க தம்பி.”

மெக்கானிக் போட்டார்.

“மாமனார். ஆனா பின்னாடி டிரம் அடிக்கிறது வேற ஆளு. வழக்கமான ஆளு இவ்வளவு பொறுமையா இருக்க மாட்டார்.”

மெக்கானிக் உறையைப் படித்தார். வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

“புகைக்காரர். இவர் வாசிச்சா தையல் நேரா வரும்... இது படிக்கட்டு, எடுத்துடுங்க தம்பி, நூல் அறுந்துடும்... இது கூரை. இவரும் ஒரு காலத்துல ஜாஸ் பழகியிருக்கார்ங்க, அந்த மூணாவது வரி புகைக்காரர்கிட்ட எடுத்தது.”

பத்துக்குப் பத்து. மிதி ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் சுவருக்கு அந்தப் பக்கம் கரகரப்பை மனப்பாடம் செய்த பதினைந்து வருஷமும், அவள் இந்தப் பக்கம் பாட்டைக் கேட்டிருக்கிறாள்.

“சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க கேக்கலையே.”

மெக்கானிக்கும் நானும் மெஷினைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தோம். வெயில் நேராக ஊசியின் மேல் விழுந்தது. கறுப்பு நூல் கறுப்புத் துணியில் தனியாகத் தெரிந்தது. அவள் சிறிது நேரம் தைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிளேயரோடும் பெட்டிகளோடும் நடைக்குக் குடிபோனேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க! காலர் தைக்கிறேன், மாமனாரைப் போடுங்க. சத்தம் கொஞ்சம் கூட்டுங்க.”

அன்றிலிருந்து நான் தட்டு மாற்றுகிறவன். காலருக்கு மாமனார், நீளத் தையலுக்குப் புகைக்காரர், பட்டன் கட்டும்போது பல்வலி. எதற்கு எது என்று அவள் சொல்வாள். தப்பாகப் போட்டால் மிதி நின்றுவிடும். ஜெயித்திருந்தால் இவ்வளவு பாட்டு நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மெஷினை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்னறை இப்போது என்னுடையது. நூற்று நாற்பத்தொரு தட்டும் சுத்தமாக இருக்கின்றன. உறையைப் பார்க்காமல் யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.