மாமனாருக்குப் போட்ட ஆட்டின் எட்டு

சிரித்துப் பேசினால் எந்தக் காரியமும் ஆகும் என்று நம்பியிருந்த முட்டாள் நான். என் பிழைப்பும் அப்படி. தொண்ணூறுகளில் ஈரோட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக இருந்தேன். டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் காய்ந்துவிட்டு, உள்ளே போனதும் அவர் குழந்தையின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததா என்று மலர்ந்த முகத்தோடு விசாரிப்பேன். இந்தச் சிரிப்புக்கு மசியாத கூட்டம் ஒன்று உண்டென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

கோயமுத்தூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கலாமணி. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, எனக்கு ரொம்பவே பிடித்து (அவளுக்கும் பிடித்திருந்ததாம், பின்னால் சொன்னாள்), ஆடி கழிந்ததும் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். அப்போதுதான் பெண்ணின் அப்பா போன் செய்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளப்பில் பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் ரம்மி ஆடுகிறவர் அவர். காசு வைத்து ஆடுவதில்லை, மானத்தை வைத்து ஆடுவார்கள். அவர்களுடைய நாலாவது ஆள் குதிரை பார்க்க அந்தியூர் சந்தைக்குப் போய்விட்டாராம். ஒரு கை குறைகிறது, வர முடியுமா என்று கேட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மேஜையில் மாமாவோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் ரிட்டையரான ஹெட்மாஸ்டர். இன்னொருவர் மோட்டார் பட்டறை வைத்திருந்த நாயுடு. நான் உட்கார்ந்ததுமே வேலையை ஆரம்பித்தேன். ஹெட்மாஸ்டரிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். (அவருக்கு மூட்டுவலி இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அந்த வயசுக்கு இருக்கும் என்று ஒரு கணக்கு.) நாயுடு சீட்டு எடுத்தபோதெல்லாம், நல்ல சீட்டு போலிருக்கிறதே என்று பாராட்டினேன். பையிலிருந்து கம்பெனி இருமல் மிட்டாயை எடுத்து மூன்று பேருக்கும் நீட்டினேன். யாரும் தொடவில்லை.

"தம்பி, கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா ரொம்பப் புண்ணியமாப் போகுமுங்க," என்றார் ஹெட்மாஸ்டர். என்ன மரியாதையான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் மரியாதை ஏறினால் கோபம் ஏறுகிறது என்று அர்த்தம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு அடுத்த கை மாமா. அதாவது, நான் கீழே போடும் சீட்டை அவர்தான் எடுக்க முடியும். நான் போட்ட ஆட்டின் ஆறை, அதாவது சிவப்பு இதயம் போட்ட ஆறை, எடுத்தார். அடுத்த சுற்றில் ஏழையும் எடுத்தார். ஆகா, மாமாவுக்கு எட்டு வேண்டும் என்று பளிச்சென்று புரிந்தது. என்னிடம் ஆட்டின் எட்டு இருந்தது. ஒன்பதும் பத்தும் கூடவே இருந்தன. கையில் வைத்திருந்த ஒரே ரம்மி, அதாவது வரிசை சேர்ந்த மூன்று சீட்டு, அதுதான். பெண்ணையே கொடுக்கப்போகிறவருக்கு ஒரு எட்டைக் கொடுக்க மாட்டேனா? உருவிப் போட்டேன்.

மாமா கையை நீட்டினார். நான் செய்த தியாகம் அவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் வாயைத் திறந்தேன்.

"எடுத்துக்கங்க மாமா. உங்களுக்குன்னுதான் ரம்மிய ஒடச்சுப் போட்டனுங்க."

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. நாயுடு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் சீட்டைக் காட்டும்படி கேட்டார். ஒன்பதும் பத்தும் எட்டை இழந்து அனாதையாக நின்றன. காப்பியடித்த பையனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் அவற்றை வெகுநேரம் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," என்றார். "நீங்களும் மாமனும் சேர்ந்து களவாணித்தனம் பண்றீங்களாங்க?"

பெரியவர் என்று விட்டுக்கொடுத்தேன் என்றேன். சீட்டு மேஜையில் பெரியவர் சின்னவர் கிடையாது என்றார் நாயுடு. பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் மாமாமேல் ஒரு சொல் சொன்னதில்லை. எழுந்தார், செருப்பை மாட்டினார், என்னைத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

இரண்டு நாளில் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது. ஆடி போகட்டும், அப்புறம் யோசிக்கலாமாம். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பட்டவர்த்தனமாக யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெட்கத்தை விட்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போய் நின்றேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மாமாவின் பெயரைத் துடைக்க ஒரே வழிதான் இருக்கிறது என்றார். அதே மேஜை, அதே இடம். எல்லார் எதிரிலும் நான் மாமாவை ஈவிரக்கமில்லாமல் தோற்கடிக்க வேண்டும். மாமாவையும் இன்னொரு ஆட்டத்துக்குப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா ஆட்டின் ராஜாவை எடுத்தார். பிறகு ஜாக்கியை எடுத்தார். நடுவே வேண்டிய ராணி என்னிடம். எனக்கு அது எதற்கும் ஆகாது. ஆனாலும் விடவில்லை. மாமாவின் நெற்றியில் வேர்வை பூத்தது, என் கை ராணியை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்ற பதின்மூன்றும் சேர்ந்ததும் அந்த ராணியையே கவிழ்த்துப்போட்டு ஆட்டத்தை முடித்தேன். ஒரு ரம்மிகூடச் சேராத மாமாவுக்கு எண்பது பாயிண்ட், அதாவது முழுத் தோல்வி.

ஹெட்மாஸ்டர் ராணியைத் திருப்பிக் காட்டினார். மாமா அதையே பார்த்தார்.

"நாஞ் சாகறதப் பாத்துக்கிட்டே இத வெச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க மாமா."

முதன்முறையாகச் சிரித்தார். நாயுடுவிடம் திரும்பி, "ஆவணில தேதி பாத்துரலாமுங்க," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் என் கையால் ஒரு தம்ளர் காப்பிகூட வாங்கியதில்லை. நான் நீட்டினால் அவர் கை பாதி வழியில் நிற்கும். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்த் தானே ஒன்று ஊற்றிக்கொண்டு வருவார். மாப்பிள்ளையின் மரியாதையில் எங்கோ குறை என்று விருந்தாளிகள் என்னைப் பார்ப்பார்கள். நான் எட்டு போட்ட கதையைக் கலாமணி அவர்களுக்கு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.